நாயோடு வேனில் தனுஷ்கோடி போகிறவர்களுக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு வேனிலேயே சமைத்து, படுத்து, ஊர் சுற்றும் தம்பதிகள் நாயையும் கூட்டிப்போனால், குடிதண்ணீரை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிவிடுங்கள். 20 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே 1 லிட்டருக்கு மேல் வேண்டும். அந்த வெயிலுக்கு 2 லிட்டர் வையுங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் முதலில் வாந்தி, பேதி. அளவு மீறினால் வலிப்பே வரும்.

புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைக்க முடியவில்லையா, நாயை இறக்காதீர்கள். வேனையும் மணலில் இறக்க வேண்டாம், சக்கரம் புதையும்.

இதைவிட ஆபத்து, வலையிலிருந்து கழித்துக் கரையில் போட்ட பேத்தை மீனை (உடம்பைப் பந்துபோல் உப்பவைக்கும் விஷ மீன்) நாய் தின்றுவிடுவது. காய்ந்தாலும் அதன் விஷம் போகாது. அதனால் கயிற்றை அவிழ்க்கவே கூடாது, எவ்வளவு சாதுவான நாயானாலும். திரும்பியதும் நாயின் பாதத்தையும் வேனின் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு இரண்டையும் அரிக்கும்.