துல்லியம் மட்டும் போதாது: ககன் வழிகாட்டலைப் பற்றிய தவறான புரிதல்கள்

மழைக்காலத்தில் மீனம்பாக்கத்தில் இறங்க முடியாமல் நான்கு விமானங்கள் பெங்களூருக்குத் திரும்பினால் போதும். "செயற்கைக்கோள் வைத்தே விமானத்தை இறக்கலாம் என்றார்களே, ககன் என்ன ஆச்சு?" என்ற கேள்வி அன்று மாலைக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிடும். கேட்பது நியாயம்தான். ஆனால் கேள்விக்குள்ளேயே இரண்டு மூன்று தவறான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. விமானவியல் படிக்கும் மாணவர்களும் பைலட் பயிற்சிக்குத் தயாராகிறவர்களும்கூட அவற்றைச் சுமந்துகொண்டு தேர்வுக்குப் போகிறார்கள் என்பதுதான் கவலை. ககன், நம் பொறியாளர்கள் பல வருடங்கள் உழைத்துக் கட்டிய விமான வழிகாட்டல் அமைப்பு. செய்யாததைச் செய்ததாகப் புகழ்வதும், செய்ய வராததைச் செய்யவில்லை என்று திட்டுவதும் அதற்கு நாம் காட்டும் மரியாதை ஆகாது.

முதலில் சின்னத் தவறு ஒன்றைத் தீர்த்துவிடலாம். ககனும் நாவிக்கும் ஒன்றல்ல. நாவிக் என்பது தனியாகவே இடம் காட்டுவதற்காக உருவாக்கிய இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பு. ககன் தனியாக இடம் காட்டாது. அமெரிக்காவின் ஜிபிஎஸ் தரும் சிக்னலைக் கண்காணித்து, அதில் எவ்வளவு பிழை இருக்கிறது, எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்று விமானத்துக்குச் சொல்வதே அதன் வேலை. இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கியது. நாடு முழுக்க 15 கண்காணிப்பு நிலையங்கள் ஜிபிஎஸ் சிக்னலை ஓயாமல் அளக்கின்றன. சென்னைக்குத் தெற்கே திருவனந்தபுரம், மேற்கே பெங்களூரு, கடலுக்கு அப்பால் போர்ட் பிளேர் எனச் சுற்றிலும் அவை இருக்கின்றன. அளவுகள் பெங்களூருவுக்குப் போய், அங்கே திருத்தச் செய்தியாக மாறி, ஜிசாட் வரிசைச் செயற்கைக்கோள்களுக்கு மேலேற்றப்படுகின்றன. செயற்கைக்கோள் அந்தச் செய்தியை அப்படியே கீழே அனுப்புகிறது. ஆக, கணக்குப் போடும் மூளை தரையில்தான் இருக்கிறது. 2010 ஏப்ரலில் ஜிசாட்-4 ராக்கெட்டோடு கடலில் விழுந்தபோது அதிலிருந்த ககன் கருவியும் போயிற்று. தரையில் இருந்த அமைப்பு போகவில்லை. அதனால்தான் 2011இல் ஜிசாட்-8, 2012இல் ஜிசாட்-10 என்று வேறு செயற்கைக்கோள்களில் ஏறி வேலையைத் தொடர முடிந்தது.

"எத்தனை மீட்டர் துல்லியம்?"

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இது. பெரிய தவறும் இதில்தான் தொடங்குகிறது. இன்று உங்கள் கையில் இருக்கும் போனே திறந்த வெளியில் சில மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். துல்லியம்தான் பிரச்சினை என்றால் ககனுக்கு இத்தனை செலவு செய்திருக்க வேண்டியதே இல்லை.

விமானிக்கு வேண்டியது வேறு. கோயம்பேட்டில் வழி கேட்கிறோம் என்று வையுங்கள். பத்தில் ஒன்பது தடவை சரியாகச் சொல்லி, பத்தாவது தடவை தப்பான வழியை அதே உறுதியோடு சொல்கிறவரை நம்பி ஆபத்தான பாதையில் போக முடியாது. தெரியாதபோது உடனே "தெரியலைங்க" என்று சொல்லிவிடுகிறவர்தான் நம்பகமானவர். வெறும் ஜிபிஎஸ்ஸுக்கு அந்தப் பழக்கம் போதாது. ஒரு செயற்கைக்கோளின் கடிகாரம் பிசகினால், அமெரிக்கத் தரைக்கட்டுப்பாடு அதைக் கண்டுபிடித்து "இதை நம்பாதே" என்று குறிப்பதற்குள் நெடுநேரம் ஆகிவிடக்கூடும். இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு அவ்வளவு நேரம் ஏது?

இறங்கும் விமானத்துக்குப் பக்கவாட்டோடு உயரத்தையும் காட்டுவது செங்குத்து வழிகாட்டல். ககன் நிறைவேற்றும் அதன் முதல்நிலைக்குச் சர்வதேச விதி இப்படி: பிழை பக்கவாட்டில் 40 மீட்டரையோ உயரத்தில் 50 மீட்டரையோ தாண்டினால் 10 விநாடிக்குள் விமானிக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போகும் வாய்ப்பு, ஒரு கோடி இறக்கங்களுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது. "இத்தனை மீட்டர் துல்லியம்" என்ற விளம்பர வாக்கியத்தைவிட இந்த "ஒரு கோடிக்கு இரண்டு" பல மடங்கு கடினமான வாக்குறுதி. ககனின் உழைப்பில் பெரும்பங்கு இதற்கே போயிருக்கிறது.

இதற்காக விமானத்தின் ரிசீவர் ஒவ்வொரு விநாடியும் ஒரு காப்பு எல்லையைக் கணக்கிடுகிறது. "என் உண்மையான இடம் இந்த வட்டத்துக்குள், இந்த உயரத்துக்குள் நிச்சயம் இருக்கும்" என்ற கணக்கு அது. உண்மையான பிழை 2 மீட்டராக இருக்கலாம். ஆனாலும் காப்பு எல்லை 50 மீட்டரைத் தாண்டிவிட்டால், ரிசீவர் செங்குத்து வழிகாட்டலை மறுத்துவிடும். இதைப் பார்த்து "கருவி கெட்டுவிட்டது" என்று நினைப்பது தவறு. கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது. பயிற்சி விமானிகள் இங்கே இன்னொன்றையும் மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும்: வழிகாட்டல் தரம் குறைந்து பக்கவாட்டு வழிகாட்டல் மட்டும் மிஞ்சினால், இறங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உயரமும் மாறுகிறது. திரையில் தரம் மாறிய பிறகும் பழைய உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே போவது உயிரோடு விளையாடுவது.

வானம் எங்கும் ஒரே மாதிரி இல்லை

"அமெரிக்காவில் இதே மாதிரி அமைப்பு 2003லேயே வந்துவிட்டது, நாம் ஏன் 2015 வரை இழுத்தோம்?" என்று கேட்கிறவர்கள் தென்தமிழகத்துக்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க மறக்கிறார்கள். பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரம், திருநெல்வேலிப் பக்கமாகத்தான் போகிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்ததற்கே அதுதான் காரணம். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம், அதாவது உயர் வளிமண்டலத்தில் மின்துகள்கள் நிறைந்த பகுதி, பகலில் மேலே எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் வழிந்து, இருபுறமும் மின்துகள் அடர்ந்த இரண்டு பட்டைகளை உண்டாக்குகிறது. வடக்குப் பட்டை அகமதாபாத், கொல்கத்தாவை ஒட்டி விழுகிறது. நடுக்கோட்டுக்கும் அந்தப் பட்டைக்கும் இடையில் இருக்கிறது நம் சென்னை. கொஞ்ச தூரத்துக்குள்ளேயே அயனி அடர்த்தி மளமளவென்று மாறும் பகுதி இது. ஜிபிஎஸ் சிக்னல் அதற்குள் புகுந்து வரும்போது தாமதமாகிறது. அந்தத் தாமதம்தான் பெரிய பிழை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அயனி மண்டலத்தை ஒரே மெல்லிய ஓடாகக் கற்பனை செய்துகொண்டு, 5 பாகைக்கு ஒரு புள்ளி வைத்துத் திருத்தம் தந்தால் பெரும்பாலும் போதும். நம் வானத்துக்கு அது போதவில்லை. இஸ்ரோ பல அடுக்குகளாக அயனி மண்டலத்தைக் கணக்கிடும் தனி மாதிரியை உருவாக்க வேண்டியிருந்தது. பயணப் பாதைக்கான சான்று 2013 டிசம்பரிலும், செங்குத்து வழிகாட்டலோடு இறங்குவதற்கான சான்று 2015 ஏப்ரலிலும் கிடைத்தன. நிலநடுக்கோட்டு வட்டாரத்தில் இப்படிச் சான்று பெற்ற முதல் அமைப்பு ககன். அந்த வருடங்கள் வீணடிக்கப்பட்டவை அல்ல.

இதிலிருந்தே இன்னொரு பாடமும் வருகிறது. ககன் சிக்னல் கிடைக்கும் இடமெல்லாம் ககன் சேவை இருக்கிறது என்று எண்ணக் கூடாது. ஜிசாட்டின் சிக்னல் வங்கக்கடல் முழுக்க விழும். சென்னைக் கட்டுப்பாட்டு மையம் பார்த்துக்கொள்ளும் வான்வெளியில் பெரும்பகுதி அந்தக் கடல்தான். ஆனால் செங்குத்து வழிகாட்டல் நிலப்பரப்புக்கு, அதுவும் அயனி மண்டலம் சாதாரணமாக இருக்கும் நாட்களுக்குத் தரப்படுவது. மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், சூரியன் சீறும் வருடங்களில், பொழுது சாய்ந்ததிலிருந்து நள்ளிரவு வரை சிக்னல் துடிதுடிக்கும். அந்த நேரத்து இறக்கத்துக்கு மாற்று வழி எதுவும் யோசிக்காமல் திட்டமிடுவது தவறு.

புயலும் காற்றழுத்தமும்

ககனின் உண்மையான பெருமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இறங்கும் பாதையைக் காட்டும் தரைக்கருவியான ஐஎல்எஸ் இல்லாத, அல்லது பழுதுபார்ப்புக்காக அதை நிறுத்திவைத்த ஓடுபாதையில், பல ஜெட் விமானங்கள் காற்றழுத்த உயரமானியை வைத்துச் சறுக்குப்பாதையை, அதாவது சாய்வாக இறங்கும் வழியை, கணக்கிட்டு இறங்குகின்றன. அந்த உயரமானிக்கு உள்ளூர்க் காற்றழுத்தத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 1 ஹெக்டோபாஸ்கல் தப்பினால் சுமார் 28 அடி தப்பும். 2022 மே மாதம் பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் 1001 என்பதற்குப் பதில் 1011 என்று சொல்லப்பட்டது. ஏர்பஸ் ஏ320 ஒன்று ஏறக்குறைய 280 அடி தாழ்வான பாதையில் வந்து, ஓடுபாதையை எட்டும் முன்பே தரையிலிருந்து வெறும் 6 அடி உயரம் வரை இறங்கி, மீண்டும் மேலே எழும்பியது. புயல் நெருங்கும் நாளில் சென்னையில் காற்றழுத்தம் மணிக்கு மணி இறங்கும். அந்த ஊரில் இருந்துகொண்டு இந்தச் சம்பவத்தைப் படிக்காமல் விடலாமா?

கத்திரி வெயிலும் இதில் சேரும். 41 டிகிரி வெயிலில் காற்று விரிந்துவிடுவதால், 3 பாகையாக வரைந்த காற்றழுத்தச் சறுக்குப்பாதை உண்மையில் 3.3 பாகையை நெருங்கும். விமானம் எதிர்பார்த்ததைவிடச் செங்குத்தாக, வேகமாக இறங்கும். ககன் தரும் சறுக்குப்பாதையோ காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் நம்பியிருப்பதில்லை. வடிவக்கணக்கால் வானில் வரைந்த கோடு அது.

"அப்படியானால் ககன் இருந்தால் காற்றழுத்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். பாதை மட்டும்தான் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. முடிவெடுக்கும் உயரத்தை விமானி இன்னும் காற்றழுத்த உயரமானியில்தான் பார்க்கிறார். எண் தப்பினால், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமலே அவர் இறங்க வேண்டியதைவிடக் கீழே இறங்கிவிடக்கூடும்.

போகிப் புகையை ககன் விலக்காது

2018 ஜனவரி 13, போகி விடியலில் பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமானங்கள் ஸ்தம்பித்ததை ஊரே பார்த்தது. செயற்கைக்கோள் வழிகாட்டல் பார்வைத்தூரத்தை உண்டாக்காது. ககன் வழியாக இறங்கும்போது முடிவெடுக்கும் உயரம் நல்ல சூழலிலும் ஏறத்தாழ 250 அடி. முதல் வகை ஐஎல்எஸ்ஸுக்கு 200 அடியும் 550 மீட்டர் ஓடுபாதைப் பார்வையும் வேண்டும். அந்த உயரத்தில் விளக்குகள் தெரியவில்லையென்றால் இரண்டிலுமே மேலேறித்தான் ஆக வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் ஓடுபாதையே தண்ணீருக்குள் கிடந்தபோது எந்த வழிகாட்டலும் உதவியிருக்காது. ஐஎல்எஸ் உள்ள பெரிய நிலையத்தில் ககனால் கிடைக்கும் கூடுதல் லாபம் குறைவு. தரையில் கருவி எதுவும் நட வழியில்லாத சிறு நிலையங்களுக்குத்தான் அது வரப்பிரசாதம். 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் துணையோடு இறங்கிய இடம் டெல்லியோ மும்பையோ அல்ல, ராஜஸ்தானின் கிஷன்கர்.

விமானத்தில் அதற்கான ரிசீவர் இருக்கவும் வேண்டும். பல பெரிய ஜெட்கள் அது இல்லாமலே வந்தவை.

பொய்ச் சிக்னலை ககன் பிடித்துவிடும் என்ற நம்பிக்கை

இப்போது இதுதான் மிக ஆபத்தான தவறு. 2025 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன பட்டியலில், செயற்கைக்கோள் சிக்னலில் குறுக்கீடு பதிவான விமான நிலையங்களில் சென்னையும் இருந்தது. "ககன் நம்பகத்தன்மையைக் கண்காணிக்கிறதே, அதுவே எச்சரித்துவிடாதா?" என்று கேட்கத் தோன்றும். எச்சரிக்காது. ககன் கண்காணிப்பது செயற்கைக்கோள்களையும் அயனி மண்டலத்தையும். திருவனந்தபுரத்திலும் பெங்களூருவிலும் இருக்கும் நிலையங்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். யாரோ ஜிபிஎஸ் போலவே அனுப்பும் பொய்ச் சிக்னல் விழுவது விமானத்தின் ஆன்டெனாவில் மட்டும். போதாக்குறைக்கு, ககன் செய்தி வருவதும் ஜிபிஎஸ்ஸின் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில். ஒன்றை மறைத்தால் இரண்டும் மறையும்.

ஆகவே ககன் வந்துவிட்டது, பழைய தரைக்கருவிகளைக் கழற்றிவிடலாம் என்று வாதிடுவதை நான் ஏற்க மாட்டேன். ஐஎல்எஸ்ஸும், தரையில் நின்று திசையும் தூரமும் காட்டும் விஓஆர், டிஎம்இ கருவிகளும், விமானத்துக்குள்ளேயே இருந்து அதன் அசைவுகளை மட்டும் அளந்து, ஜிபிஎஸ்ஸைக் கலக்காமல் இடத்தைக் கணக்கிடும் ஜடத்துவ வழிகாட்டியும் அந்தப் பொய்க்கு மயங்காதவை. திரையில் காட்டும் இடம் இவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே விமானிக்கு இருக்கும் சோதனை. ஒத்துப்போகவில்லையென்றால் சிக்னல் திரும்ப வந்த பிறகும் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எந்த நேரம், எந்த உயரம், எந்த இடம் என்று விமானியும் கட்டுப்பாட்டு அறையும் எழுதி அனுப்புவதை வைத்துத்தான் குறுக்கீடு எங்கிருந்து வருகிறது என்று தேட முடியும். தரையில் இருக்கும் 15 நிலையங்களிலும் அதன் சுவடு இருக்காது.