டிராக் காரின் ஒல்லியான முன்சக்கரத்துக்கு மலிவு டயர் வாங்கும்போது

நேரான தடத்தில் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து ஓடும் டிராக் பந்தயத்தின் கால் மைல் ஓட்டத்தில் பின் டயரின் பெரும்பாடு 402 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. முடிவுக் கோட்டைத் தாண்டி பிரேக்கை மிதித்த நொடியிலிருந்து காரை நேராக நிறுத்தும் பொறுப்பு முன் டயருக்கு வந்துவிடுகிறது. "முன்னால் சும்மா உருளப்போகிற டயர்தானே, எது கிடைத்தாலும் போடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நான் வாங்கினேன்.

முதல் தடவை நான் வாங்கிய ஜோடி பார்வைக்குப் புத்தம் புதியது. தரையைத் தொடும் பட்டனில் ரப்பர் முடிகூட உதிரவில்லை. அளவு சரி, விலை குறைவு என்று மாட்டிவிட்டேன். மூன்றாவது ஓட்டத்தில், கோட்டைத் தாண்டி பிரேக் பிடித்ததும் இடது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. கார் வலது பக்கம் இழுத்துக்கொண்டு தடுப்புச் சுவரை நோக்கிப் போனது. பிரேக்கை விட்டுவிட்டு மெதுவாக மறுபடி மிதித்ததால் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து டயரைக் கழற்றி, பட்டன் பள்ளத்தைக் கட்டைவிரலால் விரித்துப் பார்த்தேன். அடியில் தலைமுடி போல வரிவரியாக வெடிப்புகள். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிப்போன ரப்பர். தேதியைத் தேடினால், அது தயாராகிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

ஆகவே, விலை கேட்கும் முன் தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பல டயர்களில் இந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லையென்றால் புரட்டிப் பாருங்கள். ஆறு வருடம் தாண்டியதை இனாமாகக் கொடுத்தாலும் நான் தொடுவதில்லை. ரீட்ரெட் செய்த, அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய, டயரும் வேண்டாம்.

அடுத்தது சுமை. இங்கே சின்னக் கணக்கு ஒன்று போட்டாக வேண்டும். என் கார் 1400 கிலோ, முன் அச்சில் சுமார் 756 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் (வீல்பேஸ்) 2.7 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு, 0.6 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு) அளவுக்கு பிரேக் பிடித்தால் இன்னும் 155 கிலோ முன்னால் சாய்கிறது. ஒரு முன் டயருக்கு ஏறத்தாழ 455 கிலோ. பக்கச் சுவரில் போட்டிருக்கும் சுமைக் குறியீடு 72 என்றால் அந்த டயர் தாங்குவது 355 கிலோதான்; 87 என்றால் 545 கிலோ. ஒல்லியாக இருக்கிறதே என்று 135 மி.மீ. அகல டயரில் ஆசைப்பட்ட எனக்கு இந்தக் கணக்குதான் பதில் சொன்னது. உங்கள் காரின் முன் அச்சை எடைமேடையில் ஏற்றி, அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

15 அங்குல ரிம்முக்கு நான் கடைசியில் வந்து நின்ற அளவு 165/80 ஆர் 15; அதாவது அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஓடிய அளவு. அந்தக் காரை இன்னும் ஓட்டுபவர்கள் இருப்பதால் இந்த டயர் இன்றும் தயாராகிறது, பந்தய டயரைவிட மலிவு. இதற்குப் பொருத்தமான ரிம் அகலம் 4 முதல் 5.5 அங்குலம். பலர் 3.5 அங்குல ரிம்மில் ஏற்றுகிறார்கள், ஏறவும் செய்யும். ஆனால் டயர் நடுவில் புடைத்து, ஓரங்கள் தரையைத் தொடாமல், பிரேக் பிடிக்கும் பரப்பு சுருங்கிவிடும். ரிம் இன்னும் வாங்கவில்லையென்றால் 4 அங்குலத்தையே வாங்குங்கள்.

ஸ்டெப்னி யோசனை எல்லாருக்கும் வரும். சிக்கனமாக, ஒல்லியாக, கையருகிலேயே இருக்கிறதே! வேண்டாம். மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதே என்று அந்தத் தற்காலிக டயரிலேயே எழுதியிருக்கும். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகள் அதைத் தடை செய்கின்றன. டிரெய்லர் டயருக்கும் அதே தடை. மோட்டார் சைக்கிள் டயர் சாய்ந்து திரும்புவதற்காக வட்டமாக வார்க்கப்பட்டது. நிமிர்ந்தே நிற்கும் கார்ச் சக்கரத்தில் அதன் நடுக்கோடு மட்டுமே தரையைத் தொடும்.

வேகக் குறியீட்டில் எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., டி என்றால் 190, எச் என்றால் 210. கோட்டைக் கடக்கும் வேகத்துக்கு மேலே உள்ளதை எடுங்கள். கடக்கும் வேகம் 190ஐ நெருங்கினால் மலிவு தேடுவதை நிறுத்திவிட்டு, மிக்கி தாம்ப்சன், ஹூசியர் போன்ற டயர் நிறுவனங்கள் முன்சக்கரத்துக்கென்றே செய்யும் டயருக்குக் காசு சேருங்கள். எடையும் குறையும். பின்னால் பயாஸ் ஸ்லிக் (நூலடுக்குகள் குறுக்காக ஓடும், பள்ளமில்லாத பந்தய டயர்) ஓட்டுபவர்கள் முன்னால் ரேடியல் போட்டால் உச்ச வேகத்தில் கார் அலையக்கூடும். நான்கும் ஒரே வகையாக இருப்பது நல்லது.

உயரம் மாறினால் புறப்பாடும் மாறும். உதாரணமாக, 215/70 ஆர் 15 டயரின் விட்டம் 682 மி.மீ., அதற்குப் பதிலாகப் போடும் 165/80க்கு 645. மூக்கு 18 மி.மீ. இறங்குகிறது, எண்ணெய்த் தொட்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். கார் கிளம்பியதைக் கண்டுபிடிக்கப் புறப்படும் கோட்டில் முன் டயருக்குக் குறுக்கே ஓடும் ஒளிக்கற்றையைவிட்டுச் சின்ன டயர் சீக்கிரம் விலகும் என்பதால், பழைய பழக்கத்திலேயே விளக்கைப் பார்த்துக் கிளம்பினால், முந்திக் கிளம்பியதாகச் சிவப்பு விழும். முதல் நாள் இரண்டு ஓட்டத்தைப் பழகுவதற்கென்றே ஒதுக்குங்கள்.

மாட்டும்போது ரப்பர் வால்வு வேண்டாம், உலோக வால்வு போடுங்கள், 11.99 நொடி அல்லது அதைவிட வேகமாக ஓடும் கார்களுக்கு என்.எச்.ஆர்.ஏ. அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது மரை நட்டுக்குள் ஏறியிருக்க வேண்டும்.

காற்றைப் பக்கச் சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குள் வையுங்கள். பிறகு டயரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, காரை நேராகப் பத்து மீட்டர் உருட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்து இரு ஓரமும் வெள்ளையாக நின்றால் காற்று அதிகம். நான் இரண்டு பி.எஸ்.ஐ. குறைத்துப் புதுக் கோடு போடுவேன். கோடு முழுக்க ஒரே சீராக அழியும் வரை காரைத் தடத்துக்கு எடுத்துப்போக மாட்டேன்.