மடிப்புக் கேமராவின் வயதைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

120 என்ற சுருள் ஃபிலிம் போடும் பழைய மடிப்புக் கேமராக்களைப் புதிதாகச் சேர்க்க வருபவர்கள், நாங்கள் எல்லாரும் ஒருகாலத்தில் தடுக்கி விழுந்த அதே இடத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காம்பூர் என்பது ஷட்டரின் பெயர், கேமராவின் பெயரல்ல என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது போகப் போகத் தானே தெரிந்துவிடும்.

லென்ஸை வைத்து ஆண்டு சொல்வது

இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. லென்ஸின் வரிசை எண்ணைப் பட்டியலில் தேடி, கிடைத்த ஆண்டையே கேமராவின் ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். லென்ஸும் ஷட்டரும் சேர்ந்த அந்தத் தொகுதி, பெல்லோஸ் எனும் மடியும் துருத்தியின் உள்பக்கம் ஒரு வளையத்தின் பிடியில்தான் நிற்கிறது. வளையத்தைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பழுதுபார்த்த யாரோ வேறொரு கேமராவிலிருந்து எடுத்து மாட்டியிருக்கலாம்.

அண்மையில் ஒருவர் ஸைஸ் ஐகான் சூப்பர் ஐகோண்டா ஒன்றை வாங்கி வந்து காட்டினார். ஆப்டன் டெஸ்ஸார் லென்ஸ், ஒளிப்பூச்சு இருப்பதைக் குறிக்கும் சிவப்பு 'T' எழுத்து, 105 மி.மீ. 1950களின் கேமரா என்று நம்பி, அதற்கேற்ற விலையும் கொடுத்துவிட்டார். கேமராவைப் போர்த்திய தோலைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 530/2 என்று அழுத்திப் பதித்த எண் மங்கலாகத் தெரிந்தது. அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாடல். பின்கதவைத் திறந்தால் வளையத்தின் காடிகளைச் சுற்றிக் கீறல்கள். காசு போனதைக்கூட விட்டுவிடலாம். இந்த மாடலில் தூரத்தைக் கணிக்கும் ரேஞ்ச்ஃபைண்டர், லென்ஸின் முன்கண்ணாடியோடு பல்சக்கரங்களால் இணைந்திருக்கிறது. லென்ஸை மாற்றியவர் அந்த இணைப்பைச் சரிசெய்யவே இல்லை. ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு தூரத்தைக் காட்ட, ஃபிலிமில் வேறொரு தூரம் கூர்மையாக விழுந்தது.

முதலில் உடலைப் பாருங்கள், அப்புறம் ஷட்டர், கடைசியில் லென்ஸ். மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால் சரி. ஷட்டரில் 25, 50, 100 என்ற பழைய வேக வரிசை இருக்கிறதா, 1950களில் பரவிய 30, 60, 125 வரிசை இருக்கிறதா என்பது நல்ல தடயம். ஃப்ளாஷ் இணைப்பை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ஷட்டர்களிலும் பின்னாளில் அதைப் பொருத்தியிருக்கிறார்கள்.

காப்புரிமை ஆண்டு

கேமராவில் பொறித்திருக்கும் காப்புரிமை ஆண்டு, அதைத் தயாரித்த ஆண்டல்ல. அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோ செய்தது என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும்.

620-ஐ 120 என்று நினைப்பது

620 இன்னொரு வகைச் சுருள் ஃபிலிம். இரண்டிலும் ஃபிலிமின் அகலம் ஒன்றுதான், சுருள்கட்டை வேறு. 620-இன் கட்டை ஒல்லி. 1901-இல் வந்தது 120. 620 வந்தது 1930களின் தொடக்கத்தில். ஆகவே 620 கட்டை பொருந்தும்படி செய்த கேமராவை 1920களில் வைக்கவே முடியாது.

பெயர் மாறினால் வேறு கேமரா என்று எண்ணுவது

அக்ஃபா ஐசோலெட்டுகள் சில, அமெரிக்காவில் ஆன்ஸ்கோ ஸ்பீடெக்ஸ் என்ற பெயரில் விற்றன.

கோடாக் எழுத்துகளைக் கவனிக்காமல் விடுவது

1940களின் அமெரிக்கக் கோடாக் லென்ஸ்களில் எண்ணுக்கு முன் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'கேமரோசிட்டி' (CAMEROSITY) என்ற பத்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்து 1, ஒன்பதாவது 9, கடைசி எழுத்து 0. 'E', 'O' என்று இருந்தால் 46, அதாவது 1946. அதுவும் லென்ஸின் ஆண்டுதான்.