செல்போன் டவர் கதிர்வீச்சு: நம் மேல் எவ்வளவு படுகிறது என்று அளப்பது எப்படி?

செங்கோட்டையோ புளியரையோ, வீட்டெதிரே டவர் நின்றால் முதலில் அளந்துவிடுங்கள். போன் செயலி காட்டும் டிபிஎம் (சிக்னல் வலிமை) எண் இதற்கு உதவாது. போன் பிடித்திருக்கும் டவரின் சிக்னலை மட்டுமே அது சொல்லும்.

தேவை, எந்தத் திசையிலிருந்து வந்தாலும் மூன்று அச்சிலும் அளக்கும் ஆர்எஃப் (ரேடியோ அலை) மீட்டர். 5ஜி 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் ஓடுவதால் 6 கிகாஹெர்ட்ஸ் வரை அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மின்கம்பியின் காந்தப்புலத்தை மட்டும் காட்டும் மலிவு மீட்டர் வேறு சாதி.

1. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வைஃபை ரௌட்டர், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் அணையட்டும். ஏடாகூடமான அளவுகளுக்குப் பாதிக் காரணம் சட்டைப் பையில் கிடக்கும் சொந்த போன்தான்.

2. மீட்டரைப் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்து விலகி நில்லுங்கள். உடம்பு அலையை மறைக்கும். தகரக் கூரையும் ஜன்னல் கம்பியும் திருப்பியடிக்கும். 1.1, 1.5, 1.7 மீட்டர் உயரங்களில் எடுங்கள். டவரின் காலடியைவிட, ஆன்டெனாவுக்கு நேர் உயரத்தில் எதிரே இருக்கும் மொட்டை மாடியில்தான் அளவு ஏறும்.

3. ஒவ்வொரு உயரத்துக்கும் 6 நிமிடச் சராசரி. உச்ச அளவைப் பார்த்துப் பதறாதீர்கள். ஆட்கள் போனில் மூழ்கும் இரவு 8 மணிக்கும் ஒருமுறை எடுங்கள்.

4. இனி கணக்கு, பலரும் சறுக்குவது இங்கேதான். மீட்டர் காட்டும் வோல்ட்/மீட்டர் எண்ணை வர்க்கமாக்கி 377ஆல் வகுத்தால் வாட்/சதுர மீட்டர். 0.8 வந்தால் 0.64 ÷ 377 = 0.0017. இந்தியாவில் 2012 செப்டம்பரில் வந்த வரம்பு, 400 முதல் 2,000 மெகாஹெர்ட்ஸ் வரை, அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் எண் ÷ 2,000 வாட்/சதுர மீட்டர். மீட்டர் அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டாது. அதனால் செல்போன் அலைவரிசைகளில் கடுமையான 700 மெகாஹெர்ட்ஸ் வரம்பான 0.35ஐயே வைத்துக்கொள்ளுங்கள். நம் 0.0017 அதில் சுமார் 200இல் ஒரு பங்கு. வோல்ட்டை வோல்ட்டோடு ஒப்பிட்டால் (11.5க்கு 0.8) 14இல் ஒரு பங்கு போலத் தோன்றி வீண் பயம் தரும்.

5. வீடு, கடை, பஸ் என்று இடவாரியாக வாட் அளவை அங்கே இருக்கும் மணிநேரத்தால் பெருக்கி, கூட்டி, 24ஆல் வகுத்தால் உங்கள் ஒரு நாள் சராசரி. வோல்ட் எண்ணையே சராசரி எடுத்தால் கணக்கு தப்பும்.

இந்தச் சராசரியில் உங்கள் போன் வெளியிடுவது சேராது. ஆரியங்காவு கணவாயில் சிக்னல் மெலிந்தால் 4ஜி போன் தன் சக்தியை 200 மில்லிவாட் வரை ஏற்றும். காதோடு ஒட்டியிருப்பதால் டவரைவிட இதுவே பெரிய பங்கு. அங்கே இயர்போன் போட்டுப் பேசுங்கள்.

அளவு வரம்பை நெருங்கினால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் 4,000 ரூபாய் கட்டி முறையான அளவீடு கேட்கலாம்.