இணையப் பாடம் தயாரிக்க ஒரு மொபைல், ஒரு கணினி, சில இலவச மென்பொருள்கள் போதும்

ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒளிச்சேர்க்கையை ஆறு நிமிட இணையப் பாடமாகத் தயாரிக்கும் வழியைச் சொல்கிறேன். மென்பொருள்கள் எல்லாமே இலவசம். அவற்றை நிறுவுவதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், நேராக வேலைக்கு வந்துவிடலாம்.

முதலில் பவர்பாயிண்டைத் திறக்காதீர்கள். பாடம் முடிந்ததும் மாணவர் எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் ஒரே வரியாக எழுதுங்கள். 'ஒளிச்சேர்க்கை பற்றி அறிவார்' என்பது உதவாது. 'இருட்டில் வைத்த செடியின் இலை ஏன் அயோடினில் கருநீலமாகவில்லை என்று விளக்குவார்' என்று எழுதிப் பாருங்கள் (இலையில் மாவுச்சத்து இருந்தால்தான் அயோடின் கருநீலமாகும்), எந்தப் படம் வேண்டும், எந்தக் கேள்வி வேண்டும் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். அந்த வரிக்கு வேண்டாதது எவ்வளவு அழகான அனிமேஷனாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

அப்புறம் குரல். திரையில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே வாசிக்கக் கூடாது. கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் மல்டிமீடியா கற்றல் குறித்துச் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன: படமும் குரலும் சேர்ந்தால் நன்றாகப் பதிகிறது, அதே சொற்களைத் திரையிலும் நிரப்பினால் கவனம் சிதறுகிறது. திரையில் படமும் இரண்டு மூன்று சொற்களும் போதும். காது கேளாதவர்களுக்காக, வேண்டும்போது போட்டுக்கொள்ளும்படி வசன வரியைத் தனியாகக் கொடுங்கள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம்.

பதிவுக்கு மொபைலே போதும், ஆனால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பேசத் தொடங்குமுன் சில நொடி சும்மா இருங்கள். ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் அந்த மௌனப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து இரைச்சல் மாதிரியாக எடுத்தபின், முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து இரைச்சல் நீக்கம் கொடுங்கள். இரைச்சலை நீக்கும் அளவைக் கூட்டினால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும், குறைவாகவே வையுங்கள்.

படத்தையும் குரலையும் ஓப்பன்ஷாட் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளில் சேர்த்து எம்பி4 வீடியோவாக எடுத்தாயிற்றா? சரி, பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இனிமேல்தான். லூமி என்பது எச்5பி வகை ஊடாடும் பாடங்களைச் செய்யும் மென்பொருள். அதில் எச்5பி ஊடாடும் காணொளியை, அதாவது நடுநடுவே கேள்வி கேட்கும் வீடியோ வகையைத் திறந்து, உங்கள் வீடியோவை ஏற்றுங்கள். அயோடின் சொட்டு இலையில் விழுவதற்குச் சற்று முன்னால் 'என்ன நிறம் வரும்?' என்ற கேள்வியை வையுங்கள். விளக்கிய பிறகு கேட்கும் கேள்வி தேர்வு மாதிரி இருக்கும். விளக்குமுன் கேட்டால், தான் நினைத்தது சரியா என்று பார்க்கவாவது பிள்ளை அடுத்த நிமிடத்தைப் பார்க்கும்.

இதில் மூன்று அமைப்புகளைக் கவனியுங்கள். 'வீடியோவை நிறுத்து' என்பதில் டிக் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேள்வி வந்த வேகத்தில் போய்விடும். காட்சி முறை இயல்பாகப் 'பட்டன்' என்றிருக்கும், அந்தச் சின்னப் புள்ளியை யாரும் அழுத்த மாட்டார்கள், அதனால் கேள்வியே திரையில் விரியும் 'போஸ்டர்' முறைக்கு மாற்றுங்கள். மூன்றாவது, 'முழு மதிப்பெண் பெற்றால்தான் மேலே போகலாம்' என்பது. ஊகிக்கச் சொல்லும் கேள்விக்கு இது வேண்டாம், தப்பாக ஊகிப்பதும் கற்றல்தான். விளக்கத்துக்குப் பின் வரும் கேள்விக்குப் போடுங்கள். கூடவே 'மீண்டும் முயல்' பட்டனையும் இயக்கி, தவறான விடைக்கு வீடியோ விளக்கத்தின் தொடக்க நொடிக்கே திரும்பும்படி வையுங்கள். மீண்டும் முயல வழியில்லாமல் பூட்டினால் மாணவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றுவதென்றால் ஸ்கார்ம் தொகுப்பாக (இத்தகைய தளங்கள் ஏற்கும் பொது வடிவம், ஒரு ஜிப் கோப்பு) ஏற்றுமதி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒற்றை எச்டிஎம்எல் கோப்பு நல்லது, ஆனால் அதற்கு, லூமியில் ஏற்றுமுன்பே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் வீடியோவை 480பி என்ற சிறிய திரை அளவுக்குச் சுருக்கிவிடுங்கள், மாணவரின் டேட்டா மிச்சமாகும்.

பிற்சேர்க்கை: பின்னூட்டங்களில் இரண்டு சிக்கல்கள் வந்தன. ஸ்கார்ம் கோப்பைப் பிரித்துத் திருத்தி மறுபடி ஜிப் செய்தவர்களுக்குத் தளம் அதை ஏற்கவில்லை. கோப்புறையை ஜிப் செய்யாமல், அதைத் திறந்து உள்ளே இருப்பவற்றை எல்லாம் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். தொகுப்பில் என்னென்ன இருக்கிறது என்று தளத்துக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு ஜிப்பின் முதல் அடுக்கிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, தமிழ்ப் பாடத்தில் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வி. 'ஔவையார்' என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், ஒ-வும் ள-வும் சேர்த்தும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு, சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு என்று வந்துவிடும். நட்சத்திரக் குறிகளுக்குள் இரண்டு வடிவத்தையும் சாய்கோடிட்டுக் கொடுங்கள்: *ஔவையார்/ஒளவையார்*. சின்ன வகுப்புகளுக்குத் தட்டச்சே வேண்டாம், சொல்லை இழுத்துவிடும் கேள்வி வகையே நல்லது.