சியோல் தேசிய அரங்கில் வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள்

மேடையில் ஒரு கோரைப்பாய், பின்னால் ஒரு மடக்குத் திரை. பாயில் கையில் விசிறியோடு ஒரு பாடகர், பக்கத்தில் முரசோடு ஒருவர். அவ்வளவுதான். பன்சோரி என்ற கொரியக் கதைப்பாட்டுக்கு வேறு எதுவும் வேண்டாம். முதல்முறை போகிற வெளியூர்க்காரர் பயபக்தியோடு கைகட்டி உட்கார்ந்திருப்பார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் திடீரென்று "ஒல்சிகு!" என்று குரல் கொடுப்பார். இவர் திரும்பிப் பார்த்து முறைப்பார். தப்பு முறைத்தவர் பேரில்தான்.

சியோலின் நாம்சான் மலைச்சரிவில் இருக்கும் கொரிய தேசிய அரங்குக்கு வருபவர்கள் செய்கிற தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். ரசிகர் இடையில் போடும் இந்தக் குரலுக்குச் சுயிம்சே என்று பெயர். "ஜோத்தா" என்றால் நன்று, "ஜல்ஹந்தா" என்றால் நன்றாகச் செய்கிறாய், "குரோச்சி" என்றால் அப்படித்தான். நம் கச்சேரியில் 'பலே' போடுகிறோமே, அந்த வகை. ஆனால் இங்கே அது வெறும் பாராட்டு மட்டுமல்ல, பாட்டின் ஒரு பகுதி. கோசு எனப்படும் முரசுக் கலைஞரே தாளத்துக்கு நடுவில் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை அது நிரப்புகிறது. "முதலில் கோசு, பிறகுதான் பாடகர்" என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. கூடம் அமைதியாக இருந்தால் பாடகருக்குத் தனியாகச் சுமை இழுப்பதுபோல் ஆகிவிடும்.

அதற்காகத் தோன்றின இடத்திலெல்லாம் கத்துவதும் சரியில்லை. முதல் அரைமணி நேரம் கோசுவைக் கவனியுங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் உள்ள இடைவெளியில்தான் அவர் குரல் கொடுப்பார். அந்த இடம் பிடிபட்டபின் மெதுவாக ஒரு "ஜோத்தா" போட்டுப் பாருங்கள். உச்சரிப்பு பிசகினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று, இது பன்சோரிக்கும் நாட்டுப்புறப் பாட்டுக்கும்தான். அரசவை இசைக்கு வாயைத் திறக்கக் கூடாது. அங்கே பாக் என்ற மரப்பலகைக் கட்டை ஒருமுறை 'டக்' என்று அடித்தால் தொடக்கம், மூன்றுமுறை அடித்தால் முடிவு. கைதட்டல் அந்த மூன்றுக்குப் பிறகுதான்.

அப்புறம் குரல். "பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பாவம்" என்று இடைவேளையில் பேசிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தக் கரகரப்பு வருடக்கணக்கில் பாடிப் பாடித் தேய்த்து வரவழைத்தது. அருவிக்குப் பக்கத்தில் நின்று, அதன் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்வரை பாடிப் பயிற்சி எடுத்தவர்களைப் பற்றிய கதைகள் ஏராளம். வழுவழுப்பான குரலுக்கு அங்கே மதிப்புக் குறைவு. அழுகை, வயிற்றெரிச்சல், நக்கல் எல்லாவற்றையும் ஒரே தொண்டை சுமக்க வேண்டும், அதற்குச் சொரசொரப்புதான் தோது.

கதை தெரியாமல் போவது அடுத்த தவறு. முன்பு 12 கதைகள் பாடப்பட்டன. இசையோடு இன்றுவரை வழிவழியாக வந்திருப்பவை 5. மாஜிஸ்திரேட்டின் ஆசைக்கு இணங்காமல் சிறைக்குப் போகும் சுன்யாங். பார்வையற்ற அப்பாவுக்குக் கண் கிடைக்க வேண்டும் என்று 300 மூட்டை அரிசிக்குத் தன்னைக் கடல் வணிகர்களிடம் விற்றுக்கொள்ளும் சிம்சோங். சிட்டுக்குருவி மாதிரியான ஒரு சிறு பறவைக்கு, தகைவிலானுக்கு, உடைந்த காலைக் கட்டிவிட்டுச் சுரைக்காய்க்குள் செல்வம் காணும் ஏழைத் தம்பி ஹுங்போ. சீனப் போர்க்கதையான செம்பாறைச் சண்டை. ஐந்தாவது நமக்கு அந்நியமே இல்லை: கடலரசனின் நோய்க்கு முயலின் ஈரல் வேண்டும், ஆமை போய் ஏமாற்றி அழைத்து வருகிறது, முயலோ "ஈரலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேனே" என்று சொல்லித் தப்பிக்கிறது. குரங்கும் முதலையும்தான், சந்தேகமே வேண்டாம். இந்தியாவிலிருந்து பௌத்த ஜாதகக் கதைகளோடு சீனா வழியாகப் போய், அங்கே குரங்கு முயலாகிவிட்டது. 642இல் கொகுர்யோ நாட்டில் சிக்கிக்கொண்ட சில்லா நாட்டுத் தூதர் கிம் சுன்சுவுக்கு ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிக் குறிப்புக் காட்டியதாகவும், அதைப் புரிந்துகொண்டு அவர் பொய் வாக்குக் கொடுத்துத் தப்பியதாகவும் 1145இல் தொகுத்த கொரிய வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது.

கதையைத் தெரிந்துகொண்டு போகச் சொல்வதற்குக் காரணம் மொழி. பழைய சீனச் சொற்கள் மண்டிய பாட்டு வரிகள் கொரியர்களுக்கே பாதி புரியாது, அவர்களும் எழுத்துத் திரையைப் பார்த்துத்தான் தொடர்வார்கள். ஆங்கில எழுத்து எல்லா நிகழ்ச்சிக்கும் ஓடும் என்று நம்பாதீர்கள். நுழைவுச்சீட்டு எடுக்கும்போதே அந்தந்த நிகழ்ச்சியின் குறிப்பில் பார்த்துக்கொள்வது நல்லது.

பெயர்க் குழப்பத்தில் தவறான சீட்டு எடுப்பவர்களும் நிறைய. 'வான்சாங் பன்சோரி' என்றால் ஒரு கதையை முழுதாக ஒரே ஆள் பாடி முடிப்பது. மூன்று மணி நேரமாவது ஆகும், சுன்யாங் கதை என்றால் எட்டு மணி நேரம்கூடப் போகலாம். தேசிய அரங்கு இதை 1984 முதல் நடத்திவருகிறது. வண்ண வண்ண உடையில் நாடகம் எதிர்பார்த்து இதற்கு வந்து மாட்டிக்கொண்டால் பாவம்தான். நாடகமாக வேண்டுமென்றால் 'சாங்குக்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதே பாட்டுமுறையைப் பல நடிகர்கள் பங்கிட்டுக்கொண்டு நடிப்பது அது. அதற்கான தேசியக் குழு 1962இல் உருவானது, தேசிய நடனக் குழுவும் அதே ஆண்டு. மரபு வாத்தியங்களைக் கொண்ட தேசிய இசைக்குழு 1995இல் வந்தது. இந்த மூன்றும்தான் இந்த அரங்கின் சொந்தக் குழுக்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாமே ஆயிரம் வருடப் பழமை என்று நினைத்துக்கொண்டு வருவது என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு. சாங்குக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. சுற்றுலா விளம்பரத்தில் தவறாமல் வரும் விசிறி நடனத்தை 1954இல் கிம் பேக்போங் அமைத்தார். நான்கு தாளக் கருவிகள் அதிர அதிர முழங்கும் சமுல்நோரிக்கு வயது இன்னும் குறைவு. உழவர்கள் வயலிலும் ஊர்த்திடலிலும் ஆடிக்கொண்டே வாசித்ததை, 1978இல் கிம் தோக்சு முதலியோர் சியோலில் ஒரு சின்ன அரங்குக்குள் உட்கார்ந்து வாசித்துத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், முழுக்கதையையும் ஒரே இருப்பில் பாடுவதுகூடப் பழைய பழக்கம் இல்லை. அந்தக் காலத்தில் துண்டு துண்டாகத்தான் பாடினார்கள். 1968இல் பாக் தோங்ஜின் ஹுங்போ கதையை ஐந்து மணி நேரம் பாடிக் காட்டிய பிறகுதான் அது மேடை மரபானது.

இது தெரியாமல் ஜூலையில் யோவுராக் விழாவுக்கு வருபவர் அதிர்ந்துபோவார். 2010இல் தொடங்கிய இந்த விழாவின் பெயர், "இதோ நம் இசை இருக்கிறது" என்ற கொரிய வாக்கியத்தின் சுருக்கம். ஆனால் மேடையில் இரண்டு தந்தி ஹேகுமோடு ஜாஸும் ராக்கும் சேர்ந்து வரும். சாங்குக் குழுவும் அப்படித்தான். 2016இல் சிங்கப்பூர் இயக்குநர் ஓங் கெங் சென் என்பவரை அழைத்து, போரில் தோற்ற நாட்டுப் பெண்களின் புலம்பலைச் சொல்லும் கிரேக்க நாடகத்தைப் பன்சோரியில் செய்தார்கள். புலம்பலுக்கு அந்தக் கரகரத்த குரல் எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். 'கலப்படம்' என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது: மே மாத முதல் ஞாயிறு, ஜோங்மியோ அரச குல ஆலயத்தில் நடக்கும் மூதாதையர் வழிபாடு. 15ஆம் நூற்றாண்டு இசை, மிக மிக மெதுவாக.

வேறு இடம் என்றதும் நினைவுக்கு வருகிறது, முகவரி. 'தேசிய' என்ற அடைமொழியோடு சியோலில் மரபுக் கலைக்குப் பல இடங்கள் உள்ளன. அரசவை இசைக்குப் பேர்போன தேசிய குகாக் மையம் ஹான் ஆற்றுக்குத் தெற்கே சோச்சோவில். ஜோங்தோங் அரங்கு தோக்சு அரண்மனைக்குப் பின்னால். தேசிய அரங்கே 1950இல் வேறிடத்தில் தொடங்கி, கொரியப் போரில் தேகு நகருக்குப் போய், 1957இல் மியோங்தோங்குக்குத் திரும்பி, 1973இல்தான் நாம்சானுக்கு ஏறியது. மியோங்தோங்கின் அந்தப் பழைய கட்டடம் இன்றும் நாடக அரங்காக இயங்குகிறது. அங்கே போய் இறங்கிச் சீட்டை நீட்டினால், கைகாட்டி மலைப்பக்கம் அனுப்புவார்கள்.

சரி, மலைப்பக்கம் போக மூன்றாம் தடத்து மெட்ரோவில் தோங்குக் பல்கலைக்கழக நிலையம். அங்கிருந்து ஏற்றம். நேரத்தை இறுக்கிப் பிடித்து வராதீர்கள். ஆரம்பித்த பிறகு நினைத்த நேரத்தில் உங்கள் இருக்கைக்குப் போக விடமாட்டார்கள். பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்குப் பெரும்பாலான நிகழ்ச்சிகளில் அனுமதி இல்லை. நடுவில் படம் எடுக்கவும் கூடாது.

தேதி விஷயத்திலும் ஏமாறாதீர்கள். தினமும் மாலை ஏதோ ஒன்று நடக்கும் சுற்றுலா அரங்கு அல்ல இது. 2012 முதல் பருவமுறைதான், செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஜூன் வரை. ஒரு படைப்பு சில நாட்கள்தான் மேடையில் இருக்கும். விமானச்சீட்டுக்கு முன்னால் அரங்கின் நாட்காட்டியைப் பாருங்கள்.

இருக்கை எடுக்கும்போது: 2021இல் புதுப்பித்துத் திறந்த ஹேஓரும் பெரிய அரங்கில் 1,221 பேர் உட்காரலாம். நடனத்துக்கு அங்கே மாடி இருக்கை மோசமில்லை, கோலம் முழுசாகத் தெரியும். பன்சோரிக்கு மட்டும் காசு பார்க்காமல் முன்வரிசை எடுங்கள். விசிறி மடங்கி, ஒரு நொடியில் கடிதமாகவும் அடுத்த நொடியில் சுரைக்காய் அறுக்கும் ரம்பமாகவும் மாறுவதைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாது.

கடைசியாகச் சாப்பாடு. வான்சாங்குக்கு முன் வயிறு முட்டச் சாப்பிட்டால் இரண்டாம் மணி நேரத்தில் தூங்கிவிடுவீர்கள், முன்வரிசையில் அது பாடகருக்கு நன்றாகவே தெரியும். லேசாக ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். திரும்பி இறங்கும்போது நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஜாங்சுங்தோங் கடைகள், பன்றிக்கால் வேகவைத்து விற்பதற்குப் பேர்போன தெரு. அது ஒத்துவராதவர்களுக்கு 1946 முதல் இருக்கும் தேகுக்தாங் பேக்கரி. அங்கே மொனாகா என்ற மொறுமொறு ஓட்டுக்குள் ஐஸ்கிரீம் வைத்துத் தருவார்கள்.