லண்டன் மாரத்தானில் உற்சாகப்படுத்தப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். "மகள் இந்த முறை லண்டன் மாரத்தான் ஓடுகிறாள், எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம்?" நான் வாயைத் திறப்பதற்குள் "டவர் பிரிட்ஜ்தானே?" என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். இந்த ஓட்டத்தைப் பல வருடங்களாகத் தெருவோரத்தில் நின்று பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். மழைக்கோட்டு, தண்ணீர், கழிவறை பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

டவர் பிரிட்ஜில் இடம் பிடிப்பது

மாரத்தான் மொத்தம் இருபத்தாறு மைலுக்குச் சற்று மேல். அதில் தேம்ஸ் நதிப் பாலமான டவர் பிரிட்ஜ் பன்னிரண்டரை மைலில் வருகிறது. கட்டி சார்க் கப்பல் ஆறரை மைலில். இரண்டுமே கண்ணுக்கு விருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஓடுபவருக்கு நீங்கள் தேவையில்லை. கால் புதிதாக இருக்கும், இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிப்பார்கள், உங்கள் குரல் அதில் கரைந்துவிடும். கட்டி சார்க் ரயில் நிலையத்தில் வெளியே வருவதற்கே வரிசை. சில நேரம் நிலையத்தையே மூடிவிடுவார்கள். கிரீனிச் நிலையத்தில் இறங்கி நடப்பது மேல்.

ஓடுபவர் தளர்வது இருபதாம் மைலுக்குப் பிறகு. கேனரி வார்ஃப் கட்டடங்களைத் தாண்டி, பாப்லர் வழியாக மேற்கே திரும்பும்போது முகத்தில் இரத்தமே இருக்காது. நம் சொந்தக் குரல் அங்கேதான் ஒலிக்க வேண்டும்.

சொன்ன இடத்தில் இல்லாமல் போவது

இந்த ஒரு தவறை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை.

நான் வழக்கமாக நிற்பது ஷாட்வெல் பக்கம், ஹைவே என்ற சாலையில். ஓடுபவர்கள் டவர் பிரிட்ஜைக் கடந்து கிழக்கே திரும்பி இந்தச் சாலை வழியாகப் போவார்கள். அது 13ஆம் மைல். தேம்ஸ் நதி வளைவில் இருக்கும் ஐல் ஆஃப் டாக்ஸ் வட்டாரம் முழுவதையும் சுற்றிவிட்டு அதே சாலையில் திரும்பி வருவார்கள். அது 22ஆம் மைல். சாலையின் ஒரு பாதி போவதற்கு, மறுபாதி வருவதற்கு. ஒரே இடத்தில் நின்று ஒருவரை இருமுறை பார்க்கலாம். நாலரை மணி நேரத்தில் ஓடி முடிப்பவருக்கு இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஒரு வருடம் நண்பர் ஒருவரின் மகள் திரும்பி வரும் பாதையில் வந்தாள். ஓடவில்லை. வேலியை ஒட்டி நடந்தபடி, இடது பக்கம் நிற்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கன்னத்தில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக உப்பு பூத்திருந்தது. என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். "மாமா, அப்பா எங்கே? 22ஆம் மைல் பலகையிலேயே நிற்பதாகச் சொன்னார்." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு நண்பரை அழைத்தேன். காலையில் கட்டி சார்க், பிறகு டவர் பிரிட்ஜ், அதன் பிறகு இங்கே என்று அவர் திட்டம் போட்டிருந்தார். டவர் பிரிட்ஜின் வடக்கு முனையில் கூட்டத்தில் சிக்கி, ஒரு அடி கூட நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 18ஆம் மைலிலிருந்தே அந்தப் பெண் "22இல் அப்பா" என்று மனத்தில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அந்தப் பலகைக்கு வந்து அவரைக் காணவில்லை என்றதும், தவறவிட்டுவிட்டோமோ என்று தேடத் தொடங்கிவிட்டாள். அந்த வேளையில் ஒருமுறை நடக்கத் தொடங்கிய கால் மறுபடி ஓடுவது சாமானியம் இல்லை. வருகிறேன் என்று சொல்லாமலே இருந்திருந்தால் அவளுக்கு நட்டம் ஏதும் இல்லை.

ஆகவே ஓடுபவரிடம் ஒரே ஒரு இடத்தை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். அது 20ஆம் மைலைத் தாண்டியதாக இருக்கட்டும். வேறு எங்காவது பார்க்க முடிந்தால் அதை முன்கூட்டிச் சொல்லவே வேண்டாம். "இடது பக்கம்" என்று சொன்னால் யாருடைய இடது என்று தெளிவாகச் சொல்லுங்கள்; அது எப்போதும் ஓடுபவரின் இடதுகைப் பக்கமாகவே இருக்க வேண்டும். அடையாளத்துக்குப் பலகையோ, கடையோ, கையில் பிடித்த பெரிய நிறத்துணியோ இருக்கட்டும். 2025இல் இந்த ஓட்டத்தை முடித்தவர்கள் மட்டும் 56,000க்கும் மேல். அத்தனை பேர் நடுவே நீங்கள் அவரைக் கண்டுபிடிப்பதைவிட, அவர் உங்களைக் கண்டுபிடிப்பது எளிது.

இன்னொன்று, ஓட்டம் நடக்கும்போது ஹைவே சாலையைக் குறுக்கே கடக்க விடமாட்டார்கள். தவறான பக்கம் போய்விட்டால் வேலியில் சண்டை போடாதீர்கள். தெற்கே வாப்பிங், வடக்கே ஷாட்வெல். இரண்டுக்கும் நடுவே ஓவர்கிரவுண்ட் என்ற நகர ரயிலில் ஒரே நிறுத்தம். அந்தத் தண்டவாளம் சாலைக்கு அடியிலேயே போகிறது. அதே ரயில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே கனடா வாட்டர் வரை போகிறது. 9, 10ஆம் மைல்கள் அந்த வட்டாரத்தைச் சுற்றியே செல்வதால், அங்கே ஒருமுறை பார்த்துவிட்டு ரயில் ஏறினால் 13ஆம் மைலுக்கு ஓடுபவருக்கு முன்பே வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புப் பணி எதுவும் இல்லை என்பதை மட்டும் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலியில் நகரும் புள்ளியை நம்புவது

ஓடுபவர் எங்கே வருகிறார் என்று காட்டும் மாரத்தான் செயலியில், கைப்பேசி வரைபடத்தில் ஊர்ந்து வரும் புள்ளி உங்கள் ஆள் இல்லை. சாலையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக விரித்திருக்கும் நேரம் பதியும் பாயை, அவர் அணிந்திருக்கும் சிப் என்ற மின்னணுச் சில்லு தாண்டும்போது மட்டுமே உண்மையான நேரம் பதிவாகிறது. இடைப்பட்ட தூரத்தில் பழைய வேகத்தை வைத்துச் செயலி கணக்குப் போடுகிறது. அவர் கால் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாலும் புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். புள்ளி கடந்துவிட்டது என்று நினைத்து இடத்தைவிட்டுப் போன குடும்பங்களை வருடந்தோறும் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளை தனியாக வரும். 2018இல் வெயில் 24.1 டிகிரி தொட்டது. அன்று வரை இந்த மாரத்தான் கண்டிராத வெப்பம் அது. அப்படிப்பட்ட நாளில் கணக்கு எல்லாமே பொய்த்துவிடும். புள்ளி கடந்த பிறகும் அரை மணி நேரமாவது நில்லுங்கள். கூட்ட நெரிசலில் இணையமும் படுத்துவிடும் என்பதால், ஓடுபவர் எந்த நிறத்தின் பெயர் கொண்ட தொடக்க இடத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பும் அணியில் இருக்கிறார் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்"

22ஆம் மைலில் இதைச் சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அது போதும்.

முடிவுக்கோட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

தி மால் சாலையில் கோட்டருகே இருக்கும் இருக்கைகள் அழைப்பு உள்ளவர்களுக்கு. பிக் பென் அருகே நெருக்கடியில் சிக்கினால் எதுவும் தெரியாது. கடைசி மைல்களில்தான் பார்க்க வேண்டும் என்றால், அதற்கு முன்பாகவே எம்பேங்க்மென்ட் நதிக்கரைச் சாலையில் நில்லுங்கள். சந்திப்பதற்கு ஹார்ஸ் கார்ட்ஸ் பரேட் மைதானத்தில் ஆங்கில எழுத்துப் பலகைகள் வரிசையாக இருக்கும். குடும்பப் பெயரின் முதல் எழுத்தில் சந்திப்பது வழக்கம். நம்மவர்களில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்கள் அதிகம். ஆளுக்கொரு எழுத்தில் காத்திருக்காமல் எந்த எழுத்து என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு வீடு திரும்புவது

உங்கள் ஆள் போய்விட்டாலும் நில்லுங்கள். ஆறு, ஏழு மணி நேரம் எடுப்பவர்கள் அதற்குப் பிறகுதான் 22ஆம் மைலுக்கு வருகிறார்கள். அப்போது வேலியோரம் காலியாகியிருக்கும். சட்டையில் பெயர் எழுதியிருக்கும்; யாராக இருந்தாலும் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடுங்கள்.